வாளி வந்தது, பிள்ளை வரவில்லை

"நீ வந்துக்கிட்டிருக்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

என் மகள் இதைக் கேட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. அப்போது அவளுக்கு நாலரை வயது. மலை மேலே, ஏலக்காய் ஸ்டோர் வாசலில், என் சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நான் வேதியியல் படித்தவள். ஞாயிறு பள்ளியில் இரண்டு வருடம் பாடம் நடத்தியவள். மனப்பாட வசனப் போட்டியில் வாங்கிய பரிசுத் தட்டு இன்னும் என் அம்மா வீட்டு ஷோகேசில் நிற்கிறது. இவ்வளவு இருந்தும் அன்றைக்கு என் வாயில் வந்தது, "சரி சரி, வா, அம்மா பிஸ்கட் தர்றேன்" என்பதுதான். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள், அது வேறு விஷயம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எந்த இடத்தில் தப்பு ஆரம்பித்தது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. காஸ் அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருகிற ஆள் நான். அப்படிப்பட்டவள்தான் பெற்ற பிள்ளையை மலையில் விட்டுவிட்டு இறங்கினேன்.

எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி நேர ஆராதனை உண்டு. சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் பேச வேண்டும். அந்த ஏழும் பெண்கள் ஐக்கியத்தின் பொறுப்பு. அதற்கு முந்தைய நாற்பது தவசு நாட்கள் தொடங்கிய இரண்டாம் ஞாயிறே ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, ஏழு சீட்டு எழுதிக் காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்குவார். எனக்கு மூன்றாம் வார்த்தை விழுந்தது. தாயையும் சீடரையும் பார்த்து, இனி நீங்கள் ஒருவருக்கொருவர் என்று ஒப்படைக்கிற வார்த்தை. கையில் குழந்தை வைத்திருக்கிறவளுக்கு இதைவிட வசதியான வார்த்தை கிடைக்காது. மனதுக்குள் முதல் பத்தியையே எழுதிவிட்டேன்.

அப்போது மிளகுக் கடை வைத்திருக்கும் பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, எனக்கு நாலாவது விழுந்திருச்சு. தொண்டை கட்டிக் கிடக்கு. மாத்திக்கிறியா?"

பெரிய வெள்ளிக்கு இன்னும் நான்கு வாரத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு முன்னதாகவே கட்டிக்கொள்ளும் தொண்டையை நான் அதுவரை கண்டதில்லை. ஆனால் பெரியவர்கள் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. சீட்டைக் கொடுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விவரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கடவுளைப் பார்த்து ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்கிற அந்த நான்காம் வார்த்தையை எடுத்துப் பேசினால் அந்த வருடம் வீட்டுக்கு ஏதாவது வரும் என்று ஐக்கியத்தில் ஒரு பயம். ஒருவருக்குக் கால் முறிந்ததாம். ஒருவர் வீட்டு ஸ்டோரில் தீப்பிடித்ததாம். அதனால் சீட்டு யாருக்கு விழுந்தாலும், சுற்றிச் சுற்றிக் கடைசியாக வந்த மருமகள் தலையில்தான் வந்து நிற்குமாம்.

"நீங்க பேசியிருக்கீங்களா அத்தை?" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"பேசாம என்ன? ஒரு வருசம் பேசுனேன்."

"என்ன கஷ்டம் வந்துச்சு?"

அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அந்த வருசந்தான் உன்னைய மருமகளாக் கொண்டாந்தேன்."

என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். சிரிப்பை அடக்க முடியாமல்தான் போனார். முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். கிடைத்த விளக்கங்களை எல்லாம் படித்துக் குறித்தேன். உலகத்தின் பாவத்தை எல்லாம் அவர் சுமந்ததால் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஒன்று. அவர் சொன்னது துதியில் போய் முடிகிற ஒரு பழைய ஜெபத்தின் தொடக்கம், ஆகவே முடிவை மனதில் வைத்தே சொன்னார் என்பது இன்னொன்று. முழு மனிதராக இருந்ததால் நம்மைப் போலவே தனிமையை உணர்ந்தார் என்பது மூன்றாவது. மூன்றும் சரியாகத்தான் இருந்தன. பரீட்சையில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனாலும் எழுதியதைப் படித்துப் பார்க்கும்போதெல்லாம், நோய்வாய்ப்பட்டவர் வீட்டுக்குப் போய் மருந்துச் சீட்டைச் சத்தமாக வாசித்துவிட்டு வருவது போல எனக்கு ஒரு கூச்சம்.

இந்த நோட்டோடுதான் அந்தச் சனிக்கிழமை மலைக்குப் போனேன்.

போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத் தோட்டம் இருக்கிறது. கூடவே ஒரு ஸ்டோர். பச்சைக் காயைப் பரப்பிச் சூடு காட்டி உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். அந்தப் பருவத்தின் கடைசிக் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. போடியிலிருந்து தினமும் ஒரு ஜீப்பில் பெண்கள் வேலைக்கு வருவார்கள். நாங்கள் இன்னொரு ஜீப்பில் போயிருந்தோம். என் வீட்டுக்காரர், அத்தை, நான், மகள்.

மகளுக்குத் தோட்டம் என்றால் அந்தப் பெண்களின் ஜீப்புதான். அதில் பாட்டு உண்டு, பொரிகடலை உண்டு, கேலி உண்டு. அவர்களைப் போலவே தனக்கும் ஒரு தூக்குவாளி வேண்டும் என்று அடம்பிடித்து, ஒரு சின்ன எவர்சில்வர் வாளி வாங்கி வைத்திருந்தாள். அதில் தயிர்ச்சோறு கொண்டுபோவாள். பாதியைத் தின்றுவிட்டு மீதியை மலை நாய்களுக்குப் போடுவாள்.

அந்த ஜீப்பில் ஆள் எண்ணுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பன்னிரண்டு பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது தலையை எண்ண முடியாது. அதனால் ஏறுகிறவர் எல்லாம் தன் தூக்குவாளியை மேலே உள்ள கம்பியில் மாட்டிவிட வேண்டும். அந்தக் குழுவுக்குத் தலைமையான அக்கா வாளிகளை எண்ணிச் சரியாக இருந்தால் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். வண்டி கிளம்பிவிடும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கணக்குத் தப்பியதில்லை.

"வாளிய விட்டுட்டு ஒருத்தியும் எங்கிட்டும் போகமாட்டா தாயி," என்பார் அக்கா. "புருசனை மறந்தாலும் மறப்பாளுக, வாளிய மறக்கமாட்டாளுக."

அன்று மூன்றரை மணிக்கு மூடுபனி இறங்க ஆரம்பித்தது. பெண்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் மகள் முதல் ஆளாகப் போய் ஜீப்பில் ஏறி, யாரோ தூக்கிவிட, தன் வாளியைக் கம்பியில் மாட்டினாள். பிறகு குளிர்கிறது என்று இறங்கி ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோரின் பின்சுவர் எப்போதும் சூடாக இருக்கும். அங்கே அடுக்கியிருந்த சாக்குகளின் மேல் ஏறி, சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். இதெல்லாம் பிறகு நாங்கள் ஒன்று சேர்த்துப் புரிந்துகொண்டது. அப்போது யாருக்கும் தெரியாது.

நான் எங்கள் ஜீப்பின் முன்சீட்டில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் வெளியே நீட்டி, "அக்கா, பாப்பா உங்க வண்டியிலயா?" என்று கத்தினேன்.

அக்கா உள்ளே எண்ணினார். பன்னிரண்டு பெரிய வாளி, ஒரு சின்ன வாளி.

"எல்லாம் சரியா இருக்கு தாயி! வெரசாக் கிளம்புங்க, பனி மூடுது!"

கூரையில் இரண்டு தட்டு. நாங்கள் முன்னால், அவர்கள் பின்னால்.

போடிமெட்டுக்கு வர இருபத்தைந்து நிமிடம். வழியெல்லாம் நான் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். கைவிடப்படுவது என்றால் என்ன என்று ஒரு தலைப்புப் போட்டு, அடிக்கோடும் போட்டேன். ஜீப்பு குலுங்கியதால் கோடு வளைந்து போனது. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மெட்டில் டீக்கடையில் இரண்டு ஜீப்பும் நிற்பது வழக்கம். சூடாகப் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று தனியாகத் தாளில் மடித்து வாங்கினேன். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல, நான் வாய் நிறையப் பழம்பொரியோடு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை.

அக்கா பின்னாலிருந்து நடந்து வந்தார். கையில் சின்ன வாளி.

"இந்தாங்க தாயி, பாப்பா வாளி. மூடி கழண்டு கழண்டு விழுகுது. மாத்தி வாங்கிக் குடுங்க."

"பாப்பாகிட்டயே குடுங்கக்கா. எங்க அவ? வடை கேட்டு நிக்கிறாளா?"

"உங்க வண்டியிலதான இருக்கு?"

"உங்க வண்டியிலதான இருக்கா?"

இரண்டு பேரும் அந்த வாளியைப் பார்த்தோம். நான் அதைத் திறந்துகூடப் பார்த்தேன் என்று அத்தை பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு நினைவில்லை. ஆனால் நான் செய்யக்கூடியவள்தான்.

என் வீட்டுக்காரர் ஜீப்பைத் திருப்பினார். அந்த மேட்டில் போன் எடுக்காது. ஒரு நிமிடம் தமிழ்நாட்டு சிக்னல், ஒரு நிமிடம் கேரளா, பிறகு எதுவுமில்லை. நான் முதலில் யானையை நினைத்தேன். பிறகு ஸ்டோர் அடுப்பை நினைத்தேன். பிறகு நாய்களை. பிறகு நான்காம் சீட்டை. பின்சீட்டில் அத்தை சத்தமாக ஜெபம் செய்துகொண்டு வந்தார். ஜெபத்துக்கு நடுவே, "ஆண்டவரே, என் பேத்தியக் காப்பாத்தும். டேய், மெதுவா ஓட்டுடா, நாமளும் போய்ச் சேர்றதுக்கா?" என்று மகனையும் கவனித்துக்கொண்டார்.

நான் அழுதுகொண்டே சொன்னேன், "அத்தை, நான் என்ன தாய்?"

"ஏன், மரியாளவிட நீ மோசமா? எருசலேம் பண்டிகை முடிஞ்சு திரும்பயில, அவ மகன் ஏசு சொந்தக்காரங்க கூட்டத்துல இருக்கான்னு நெனச்சு ஒரு நாள் தூரம் போன பெறகுதான் திரும்பிப் பாத்தா. அப்பறம் தேடிக் கண்டுபிடிக்க மூணு நாளு. நீ டீக்கடையிலயே பாத்துட்ட."

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தால் விக்கல் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டோர் வாசலில் படியில் உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சேட்டன் நின்றிருந்தார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர். அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்ததில், காய் உலர்த்தும் மின்விசிறிச் சத்தத்தில் முதலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தபோதுதான் அழுகை கேட்டிருக்கிறது. கட்டன் சாயா போட்டுக் கொடுத்திருக்கிறார். பாலில்லாத டீயை அவள் தொடவில்லை.

என்னைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. உட்கார்ந்தபடியே பார்த்தாள். நான் போய் அள்ளிக்கொண்டேன்.

"நான் ரொம்பக் கூப்புட்டேன். உனக்குக் கேக்கலையா?"

"கேக்கல பாப்பா. ஆனா அம்மா வந்துக்கிட்டேதான் இருந்தேன்."

அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. அதற்குத்தான் நான் பிஸ்கட் கொடுத்தேன்.

கிளம்பும்போது சேட்டன் ஜீப்புப் பக்கம் வந்தார். "பயப்படண்டா மோளே, அம்ம வரும்னு நான் நூறு தடவை சொல்லியாச்சு. கேக்கல. உங்களெத்தான் திட்டிச்சு. அம்மா கெட்ட அம்மா, விட்டுட்டுப் போச்சுன்னு. திட்டிட்டு உடனே, அம்மா வா, அம்மா வான்னு விளிச்சது. நான் இவிட பக்கத்துலதன்னெ நிக்கேன். ஒரு தடவை கூட என்னெ விளிச்சில்லா." அவருக்கு இது கொஞ்சம் மனக்குறை போலத் தெரிந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், அக்கா முறுக்குப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"தப்பு என்னுதுதான் தாயி. தலைய எண்ணாம வாளிய எண்ணிட்டேன்."

"இல்லக்கா, பெத்தவ நான் பாத்திருக்கணும்."

"வண்டிக்குப் பொறுப்பு நான்ல?"

"பிள்ளைக்குப் பொறுப்பு நான்தானக்கா?"

அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் ஏலக்கா ஏலத்துல ஒக்காந்த மாதிரி ஏத்திக்கிட்டே போறீங்க. யாருக்காவது முடிச்சு விட்டுட்டு உள்ள வாங்க, காப்பி ஆறுது."

அதன்பிறகு பெண்கள் ஜீப்பில் வழக்கம் மாறியது. அக்கா இப்போது ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுகிறார். பூ வைத்திருக்கிறவர்கள் முணுமுணுக்கிறார்களாம்.

எங்கள் வீட்டிலும் மாறியது. மகள் வாளியை விடுவதே இல்லை. பள்ளிக்கு, கடைக்கு, குளியலறைக்குக்கூட. பள்ளி வேனில் ஏறும்முன், "என்னைய எண்ணிட்டியா?" என்று கேட்பாள். நான் தலையைத் தொட்டு, "ஒண்ணு" என்பேன். "சாயங்காலம் வருவியா?" "வருவேன்." "வரலைன்னா?" வேன் ஓட்டுநர் ஹாரன் அடிப்பார். நான் வருவேன் என்று சொன்னால் முன்பு போதுமானதாக இருந்தது. இப்போது அந்தச் சொல்லை அவள் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. என் சொல்லை அவள் மறுபடி நம்புவாளா, மாட்டாளா?

நான் நோட்டை மறுபடி எடுத்தேன். இவ்வளவு நல்ல உவமை கையில் கிடைத்திருக்கிறதே என்று தோன்றியது. கைவிடப்பட்டதாக நாம் அழுகிற நேரத்தில் கடவுள் ஒரு தாயைப் போல நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கிறார். அழகாக எழுதினேன். இரண்டு நாள் கழித்து அடித்துவிட்டேன். ஏனென்றால் அது பொய். நான் வந்துகொண்டே இருக்கவில்லை. அந்த நேரத்தில் பாதி, நான் அவளைவிட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தேன். மீதியில் கொஞ்சம் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன். இந்த உவமையைக் கடவுளுக்கு வைத்தால் அவருக்கு மரியாதையாக இருக்குமா?

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கடவுள் டீ குடிக்கமாட்டாருன்னு சொல்லிரு," என்றார்.

"விளையாடாதீங்க. அப்ப அவர் மறக்கல, கேக்காமயும் இல்ல. கேட்டும் வரலைன்னா அது இன்னும் மோசமில்லையா?"

அவர் ஏலக்காய் மாதிரியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் ஐயர்கிட்ட கேளு," என்றார். பிறகு, "கேட்டுட்டு எனக்கும் சொல்லு," என்றார்.

நான் ஐயரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

பெரிய வெள்ளி வந்தது. வெயில் கொளுத்தியது. வெள்ளைச் சேலை, நிரம்பிய கோயில், சுழலாத மாதிரிச் சுழலும் மின்விசிறிகள். முதல் மூன்று வார்த்தைகள் முடிந்தன. மூன்றாவதை மிளகுக் கடைப் பெரியம்மா பேசினார். தொண்டை கணீரென்று இருந்தது. என் முறை வந்ததும் நோட்டோடு போய் நின்றேன்.

முதல் விளக்கத்தைப் படித்தேன். இரண்டாவதைப் படித்தேன். மூன்றாவதற்குப் பக்கத்தைத் திருப்பியபோது, அந்த வளைந்த அடிக்கோடு கண்ணில் பட்டது. அவ்வளவுதான். எழுத்துகள் தெரிந்தன, வாயில் வரவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவர எழுந்தார்கள். நான் கூட்டத்தில் மகளைத் தேடினேன். அத்தை பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த இடம் காலியாகத் தெரிந்தது. என் முகம் எப்படி மாறியதோ தெரியாது.

அவள் பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். குனிந்து வாளி மூடியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா! நான் இங்கனதான் இருக்கேன்! எண்ணிக்க!"

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில், அதுவும் நான்காம் வார்த்தையில், எங்கள் கோயிலில் அதுவரை யாரும் சிரித்ததில்லை. முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு ஐயரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் ஒலிபெருக்கியிலேயே "ஒண்ணு" என்றேன். அவள் திருப்தியாக உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நோட்டைப் பார்க்கவில்லை. மலையில் நடந்ததைச் சொன்னேன். பழம்பொரியையும் மறைக்கவில்லை. பிறகு ஏறக்குறைய இப்படிச் சொன்னேன்: "என் மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. சிலுவையில் அவர் கேட்டதற்கும் அந்த மதியம் பதில் வரவில்லை. அவர் உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அது ஞாயிறு இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் பிள்ளை விட்டுவிட்டுப் போனவளையே கூப்பிட்டாள். பக்கத்தில் நின்றவரைக் கூப்பிடவில்லை. இயேசுவும் அப்படித்தான் கூப்பிட்டார். தம்மைக் கைவிட்டார் என்று யாரை நினைத்தாரோ அவரையே கூப்பிட்டார். அதனால் அப்படிக் கூப்பிடுவது அவிசுவாசம் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்." கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகப்படி. வீட்டுக்கு வந்து அதற்காக வருத்தப்பட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே நிழலில் நின்றபோது மிளகுக் கடைப் பெரியம்மா வந்து என் கையைப் பிடித்தார். அவர் கை காய்ந்து சொரசொரப்பாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரே மகனை இழந்தவர். எனக்கு அது தெரியும். தெரிந்தும், சீட்டு மாற்றிய அன்று நான் அதை நினைக்கவேயில்லை.

"கால் முறிஞ்சிரும்னு பயந்து நான் மாத்தல ஆத்தா," என்றார். "அந்தக் கேள்வியக் கேக்க ஆரம்பிச்சேன்னா நிறுத்தமாட்டேன். மூணு மணி நேரம் பத்தாது. அதான்."

அப்போது மகள் வந்தாள். வெளியே நின்றவர்களை எல்லாம் எட்டின உயரத்தில் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். எங்களிடம் வரும்போது பதினாறில் இருந்தாள். என் இடுப்பைத் தொட்டு, "பதினேழு" என்றாள். பெரியம்மாவைப் பார்த்து, "தலையத் தொட்டாத்தான் கணக்கு. குனிங்க," என்றாள்.

"நான் மட்டும் எதுக்குடி குனியணும்?"

"நீங்க அழுகுறீங்கள்ல."

பெரியம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். "பதினெட்டு," என்றாள் மகள், அவர் நரைத்த உச்சியில் கையை வைத்து. பெரியம்மா சட்டென்று நிமிரவில்லை. "நல்லா அழுத்தி எண்ணு," என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு எந்தக் கஷ்டமும் வரவில்லை. மகளுக்கு அம்மை வந்தது, ஆனால் அது பள்ளியில் எல்லாருக்கும் வந்தது. ஐக்கியத்தில் இப்போது வேறு பேச்சு. நாலாம் வார்த்தை இனிமேல் எனக்கே சொந்தமாம், சீட்டே போட வேண்டாமாம். பெரியம்மா மட்டும் வேண்டாம் என்கிறார். இந்த வருடம் தனக்கே விழட்டும், பார்க்கலாம் என்கிறார். வரும் ஞாயிறு சீட்டுக் குலுக்குகிறார்கள். அவருக்கு விழ வேண்டும் என்றும் ஜெபிக்கிறேன், விழக்கூடாது என்றும் ஜெபிக்கிறேன். இரண்டையும் கேட்கிற கடவுள் என்ன நினைப்பாரோ.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நாங்கள் மறுபடி மலைக்குப் போகிறோம். கடைசிக் காய் எடுப்பு. பெண்களின் ஜீப்பில்தான் வருவேன் என்று மகள் போன வாரமே சொல்லிவிட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக. எனக்குச் சந்தோஷம். உடனே வாளியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி மாதிரி ஆச்சுன்னா நீ வருவியா?"

"வருவேன்."

"வந்துக்கிட்டிருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ இன்னும் சொல்லல."

மறக்கவில்லை. இந்தத் தடவை பிஸ்கட் எடுபடவில்லை. "சனிக்கிழமைக்குள்ள சொல்றேன்," என்று தவணை வாங்கியிருக்கிறேன்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களைக் கேட்கிறேன். உங்கள் பிள்ளை இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பதில் வராத நாட்களை நீங்கள் கடந்து வந்திருந்தால், அந்த நாட்களுக்கு உள்ளே இருக்கும்போது உங்களுக்கு எது கைகொடுத்தது? கடந்து வந்த பிறகு புரிந்தது வேண்டாம். அது என்னிடமே நோட்டு நிறைய இருக்கிறது. கூடுமானவரை சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். ஐந்தரை வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அவள் கட்டாயம் இரண்டாவது கேள்வி கேட்பாள். அதற்கும் சேர்த்து ஒரு யோசனை சொன்னால் நல்லது.